எட்டின் மடங்கு

வியாழன் இரவு கோடு விழுந்தது.
பதினோராயிரம், நாலாயிரம், நூற்றுச் சொச்சம்,
பிறகு தரை.
பீல் நகரில் அப்போது மழைகூட இல்லை.
கீழே ரொட்டிக்கடையில் மாவு பிசையும் எந்திரம்
தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

"கண்டுபிடித்துவிட்டார்கள்" என்றாள் உர்சினா,
பேருந்து போய்விட்டது என்பதுபோல.
எதை?
மதில் கட்டுகிறவன் காரணம் எழுதி ஒட்டுவதில்லை.
எந்தக் கல் புதிது என்று
நாங்கள்தான் இருட்டில் தடவிப் பார்க்க வேண்டும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம்.
முடியும், அரிசிப் பருமனுக்கு அரிந்தால்.
மூன்று வருடமாக எனக்கு அதற்குத்தான் சம்பளம்:
தடைசெய்த செய்தித்தாளொன்றைப் பருக்கை பருக்கையாக அரிந்து
நாளை மழை வருமா என்று கேட்கும்
ஏதோவொரு கைபேசியின் தட்டில் பரப்புவது.
குறைந்த இடத்தில் வெற்றெழுத்து இட்டு நிரப்புவோம்,
தளை தட்டாதிருக்க அளபெடுக்கிற மாதிரி.
பொருள் கிடையாது அதற்கு. ஓசைக்காக நிற்கும்.

விடியும்வரை பொதிகளை எண்ணினேன்.
பிழை எங்கே என்றால்
எங்கள் பிழையின்மையில்.
தயங்குவதற்கு ஒரு சூத்திரம் எழுதியிருந்தோம்,
பகடை உருட்டித் தயங்கும் சூத்திரம்.
மனிதர் யாரும் அவ்வளவு நேர்த்தியாகத் தயங்குவதில்லை.
எல்லாப் பருக்கையும் ஒரே பருமன்.
அவன் அந்தத் தட்டை அப்படியே ஒதுக்கிவிட்டான்.

சனிக்கிழமை தர்சிகா லுசேர்னிலிருந்து வீடியோவில் வந்தாள்.
நாற்பது நிமிடம். வாடகை, பல்வலி,
பெரியப்பாவின் காணி வழக்கு,
அப்புறம் நான் போகாத அவள் பிறந்தநாள்.
அந்த இடத்தில் அவள் பேசவில்லை.
தேநீரைக் கலக்கினாள், தேவைக்கு மேலாக.
பிறகு முகம் அசையவில்லை.
அசையாத முகத்துக்குச் சின்னப் பொதி போதும்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது,
அதை அப்போதே கவனித்ததற்கு.

மறுநாள் கேட்டேன்: அந்த அழைப்பை வைத்துக்கொள்ளட்டுமா?
"என்ர கதையையோ?"
இல்லை, கதை பூட்டிக் கிடக்கும், எனக்கும் வேண்டாம்.
எவ்வளவு வந்தது, எப்போது வந்தது,
எவ்வளவு நேரம் ஒன்றும் வரவில்லை,
அது மட்டும்.
"நான் கதைக்காமல் விட்டதைக் கேக்கிறாய்."
கொஞ்சம் பொறுத்து, "எடு."

இப்போது நிரலுக்குள் இருக்கிறாள்,
பெயரில்லாமல், இலக்கங்களாக.
எரிச்சலில் வேகமெடுக்கிறாள், பல்வலியில் தேய்கிறாள்.
மதிலுக்கு அப்பால், எனக்குத் தெரியாத ஒருவர்
என் தங்கையின் கோபத்தைப் போர்த்திக்கொண்டு போய்
ஒரு தேர்தல் முடிவைப் படிக்கலாம்,
ஒரு மாத்திரையின் பெயரை,
கரப்பான் ஒழிக்கும் வழியை.
அயோக்கியன் ஒருவனும் போகலாம். தெரியும்.
யார், எதற்கு என்று பார்க்க
எங்களுக்கே ஒரு ஓட்டை வைத்துக்கொள்ளவில்லை.
கையில் இல்லாததை யாரும் பிடுங்க முடியாது.

ஆட்களையும் எட்டு எட்டாகத்தான் எண்ணுகிறோம்.
ஏழு பேர் வந்தால் எட்டு. ஒருவர் வந்தாலும் எட்டு.
தனியாளைக் கோட்டில் நிறுத்திக் காட்டிக்கொடுக்காமலிருக்க
வந்தவரைச் சுற்றி
வராத ஏழு பேரை நிறுத்துகிறோம்.

செவ்வாய், நாலு பத்துக்கு வெளியிட்டோம்.
ரொட்டிக்கடையில் விளக்கு எரிந்தது.
தெருமுனைப் பலகை வழக்கம்போல
இரண்டு மொழியில் ஒரே தெருவைச் சொன்னது.
கோடு தரையில் கிடந்தது.
கிடந்தது.
உர்சினா மேலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து முப்பத்தெட்டுக்கு: 8.

யாரும் கத்தவில்லை.
எங்கள் சோதனைக் கருவியோ என்று பார்த்தேன். இல்லை.
ஒன்றா, எட்டா?
கேட்கக் கூடாத கேள்வி, கேட்டுவிட்டேன்.
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"இருநூற்றுப் பதினோராம் வரியில்
ஒரு கமா கூடுதல்."